குமரி மாவட்டத்தில் நீர்வண்ணக் கண்காட்சி வைப்பவர்களுக்கு

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1887ல் வரைந்த ‘ஃபார் டு பி எ ஃபார்மர்ஸ் பாய்’ என்ற நீர்வண்ண ஓவியம் சிகாகோ கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயலில் ஒரு பையன் நிற்கிறான். பின்னால் வானம் ஏறக்குறைய வெறும் தாளாகக் கிடக்கிறது. ஹோமர் அதை அப்படி விடவில்லை. தாளின் இழைகளுக்குள் மிஞ்சியிருந்த நிறத்துகள்களை ஆராய்ந்து பார்த்தபோது, அங்கே ஒருகாலத்தில் சிவப்பும் ஆரஞ்சுமாக அந்தி வானம் இருந்தது தெரிந்தது. வெளிச்சம் பட்டுப் பட்டு அது போய்விட்டது. போன நிறம் திரும்பாது.

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ ஒரு கூடம் பிடித்து நிலக்காட்சி ஓவியங்களை மாட்ட நினைப்பவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. சிகாகோவில் வெளிச்சம் ஒன்றுதான் பகை. நமக்கு ஈரமும் சேர்ந்துகொள்கிறது. எத்தனை படம், யார் திறப்பாளர், அழைப்பிதழ் எப்படி என்பதெல்லாம் பிறகு. முதலில் மாதத்தையும் கூடத்தையும் முடிவுசெய்ய வேண்டும்.

மாதமும் கூடமும்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். பொங்கல் கழிந்து பிப்ரவரி முடியும்வரை உள்ள நாட்கள் மிகப் பொருத்தம். மார்ச் வந்தால் பொதுத்தேர்வு, பள்ளிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஓணம் விடுமுறைக் கூட்டத்தை நம்பி ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வைத்தால், சட்டத்துக்குள் தாள் நெளிந்து நிற்பதைத் திறப்பு விழாவிலேயே பார்க்கலாம்.

கடல் தெரியும் கூடம் ஆசையாக இருக்கும், வேண்டாம். உப்புக்காற்று சுவரிலும் துணியிலும் படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், இரும்பு ஆணி ஒரு வாரத்தில் துரு விட்டுச் சுவரில் கோடு போடும். கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் கட்டடம் நல்லது. அதிலும் மழை நேராக அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவர்களில் மாட்டுங்கள். புதிதாகப் பூச்சு வேலை செய்த சுவர் குறைந்தது ஒரு மாதம் காய வேண்டும்.

சுவரை நம்பலாமா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான தடித்த பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். 24 மணி நேரம் கழித்து உரித்தால், உள்பக்கம் நீர் முத்து நின்றாலோ சுவர் கறுத்திருந்தாலோ அந்தச் சுவர் வேண்டாம். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒன்று, கண் உயரத்தில் ஒன்று என இரண்டு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஈரம் பெரும்பாலும் கீழிருந்துதான் ஏறும்.

ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். மலிவானது போதும், ஆனால் அது சொல்லும் எண்ணைச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் தூளுப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள், கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் மானியையும் ஒரே காற்றுப்புகா டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வைத்தால் மானி 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மானி ஐந்து கூட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான். எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள். நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பு சமையலுக்கு அருமை, இதற்கு ஆகாது. அதில் கலந்திருக்கும் மெக்னீசிய உப்பு கணக்கைக் கெடுக்கும்.

அருங்காட்சியகங்கள் 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கப் பார்க்கும். நம்மூரில் அதைத் துரத்துவது வீண். 60க்குப் பக்கத்தில் அசையாமல் நின்றால் அதுவே போதும். 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும். இதைவிடக் கெடுதலானது ஏற்ற இறக்கம். பகலில் பார்வையாளர் வரும்போது ஏ.சி. போட்டு, இரவில் அணைத்துவிடுவதுதான் வழக்கம். பகலில் 45, விடியற்காலையில் 75 என்று தாள் தினமும் சுருங்கி விரியும். இரவும் பகலும் ஓட்ட முடியாதென்றால் ஏ.சி.யே வேண்டாம், மின்விசிறிகளை மட்டும் இரவிலும் ஓடவிடுங்கள். தரையை ஈரத்துணியால் துடைப்பதையும் நிறுத்திவிட வேண்டும். காலையில் ஒரு வாளித் தண்ணீர் தெளித்துத் துடைத்தால் மானி எப்படி ஏறுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

எதை மாட்டுவது

அமெரிக்க நீர்வண்ணத்தின் அசல்கள் இங்கே வரப்போவதில்லை. ஆனால் நல்ல பிரதிகள் வரலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017ல், காப்புரிமை முடிந்த தன் படங்களை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. சிகாகோ கலைக்கழகமும் மறு ஆண்டு அப்படிச் செய்தது. ஹோமரும், இன்னொரு அமெரிக்க ஓவியரான ஜான் சிங்கர் சார்ஜென்ட்டும் அங்கேயே கிடைப்பார்கள். இந்தியச் சட்டத்தில் ஓவியர் இறந்து 60 ஆண்டுக்குப் பிறகுதான் காப்புரிமை முடியும். 1910ல் இறந்த ஹோமர், 1925ல் இறந்த சார்ஜென்ட், 1926ல் இறந்த தாமஸ் மோரன் ஆகியோரில் சிக்கல் இல்லை. அமெரிக்க நீர்வண்ண ஓவியர் சார்லஸ் பர்ச்ஃபீல்டு 1967ல் இறந்தவர் என்பதால் 2027 முடியும்வரை அவரை விட்டுவிடுங்கள்.

தேர்வில் ஒரு யோசனை. ஹோமர் 1898ல் பஹாமாஸில் வரைந்த ‘பாம் ட்ரீ, நாசாவ்’ மெட்ரோபாலிட்டனில் இருக்கிறது. கடற்காற்றில் தலைவிரித்து நிற்கும் தென்னை. முட்டத்திலோ மணக்குடியிலோ நம்மூர் ஓவியர் ஒருவர் போட்ட தென்னையை அதன் பக்கத்தில் மாட்டினால் விளக்கமே தேவைப்படாது. மோரன் 1871ல் யெல்லோஸ்டோன் ஆய்வுப் பயணத்துடன் போய் வரைந்த நீர்வண்ணங்கள், அடுத்த ஆண்டு அந்த இடம் தேசியப் பூங்கா ஆவதற்குத் துணைநின்றவை. திற்பரப்பு அருவியையோ மாத்தூர் தொட்டிப்பாலத்தையோ வரைந்தவரின் படம் அவற்றோடு பேசும். பத்துப் பெயரைப் பரப்பி வைப்பதைவிட இப்படி நாலைந்து ஜோடி நல்லது.

பிரதி எடுப்பதில் ஒரே விதி, அசல் அளவு. நாசாவ் தென்னை சுமார் 21 × 15 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமானால் கோப்பு 6300 × 4500 புள்ளி இருக்க வேண்டும். 200 என்றாலும் பார்வைக்குக் குறை தெரியாது, அதற்கு 4200 × 3000 போதும். அதற்கும் கீழே உள்ள கோப்பை இழுத்துப் பெரிதாக்காதீர்கள். பளபளப்பில்லாத பருத்தித் தாளில், பிக்மென்ட் மையில் அச்சடிக்கச் சொல்லுங்கள். ஃபிளெக்ஸ் கூடாது, லேமினேஷன் கூடாது. அச்சுக் கடைக்காரர் பழக்கதோஷத்தில் ‘கலர் கரெக்‌ஷன்’ போட்டு வானத்தை நீலமாக்கித் தருவார். பழைய தாளின் மங்கல் மஞ்சளை அழுக்கென்று நினைத்து வெளுப்பார். கோப்பை அப்படியே அடிக்கச் சொல்லி, நாலங்குலத் துண்டு ஒன்று சோதனைக்கு வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபின் மீதியை அடியுங்கள். பெயர்ச்சீட்டில் ‘பிரதி’ என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும்.

பிரதிகளால் இன்னொரு வசதியும் உண்டு. கூடத்தில் எப்படியும் வெளிச்சம் அதிகமான சுவர் ஒன்று இருக்கும். அது பிரதிகளுக்கு. உள்ளூர் அசல்கள் இருண்ட பக்கத்துக்குப் போகட்டும்.

சட்டம் போடுவது

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. நம்மூர் பிரேம் கடைகள் சாமிப் படத்துக்குப் பழகியவை. கண்ணாடியை வைத்து, அதன்மேல் படத்தை வைத்து, பின்னால் ஹார்ட்போர்டை அழுத்தி ஆணி அடித்துவிடுவார்கள். அச்சுப் படத்துக்கே அது நல்லதில்லை. நீர்வண்ணத்துக்கு அது சாவு. கண்ணாடியில் வேர்க்கும் ஈரம் நேராகத் தாளில் இறங்கும். ஒரு மழைக்காலம் போனால் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் பாதி வானம் கண்ணாடியில் வரும்.

தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று இருக்க வேண்டும். அதற்குத்தான் மவுண்ட், அதாவது நடுவில் சன்னல் வெட்டி ஓவியத்தின்மேல் வைக்கும் அட்டை. அழகு அடுத்தது. அமிலமில்லாத மவுண்ட் போர்டு, குறைந்தது ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். சாதாரண போர்டு என்றால் சரிவாக வெட்டிய ஓரம் சில ஆண்டில் பழுப்பாகும், பிறகு அந்தப் பழுப்பு ஓவியத்தில் கோடாக இறங்கும்.

கணக்கு இப்படி. அரைத் தாள் ஓவியம் 22 × 15 அங்குலம். ஓரங்களை மவுண்ட் கால் அங்குலத்தில் பாதியளவு மூட வேண்டும், ஆகவே சன்னல் 21¾ × 14¾. மேலும் பக்கங்களிலும் 3 அங்குலம், கீழே 3½ விட்டால் வெளியளவு 27¾ × 21¼. கீழே அரை அங்குலம் கூட விடுவது, படம் சரிந்து கீழே இறங்குவதுபோலத் தெரியாமலிருக்க. கண்ணாடி, மவுண்ட், பின்போர்டு எல்லாம் இதே அளவு. மரச்சட்டத்தின் உட்பள்ளம் மட்டும் கால் அங்குலத்தில் பாதி கூடுதலாக இருக்கட்டும், ஈரத்தில் போர்டு விரிய இடம் வேண்டும். ஆழமும் சொல்லிவிடுங்கள். கண்ணாடி 2 மில்லிமீட்டர், மவுண்ட் 1.5, ஓவியத்தின் பின்னால் வரும் அட்டையான பின்மவுண்ட் 1.5, ஃபோம் போர்டு 5 என்று பத்து ஆகிவிடும். பள்ளம் 12 மில்லிமீட்டராவது வேண்டும்.

ஓவியத்தை மவுண்டில் ஒட்டக் கூடாது, பின்மவுண்டில் தொங்கவிட வேண்டும். மேல்விளிம்பில் மட்டும், மூலைக்குப் பக்கமாக இரண்டு இடத்தில், மெல்லிய ஜப்பானியத் தாள் கீற்றுகள். நாலு பக்கமும் ஒட்டினால் மழைநாளில் விரியும் தாளுக்குப் போக்கிடம் இல்லை, நடுவில் அலை எழும்பும். பசைக்குக் கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. ஊறவைத்து, சிறு தீயில் கைவிடாமல் அரைமணி நேரம் கிண்டினால் கண்ணாடிபோலத் தெளியும். ஆறியதும் சல்லடையில் தேய்த்து எடுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். போஸ்டர் ஒட்டத் துத்தம் போட்டுக் காய்ச்சும் மைதாப் பசை வேறு. துத்தம் தாளை நாசமாக்கும், துத்தமில்லாத மைதாவோ பூச்சியை அழைக்கும். செல்லோடேப்பும் வெள்ளைப் பசையும் ஓவியத்தின் அருகே வரவே கூடாது.

கீற்று வேலை கைவரவில்லை என்றால் பசையே இல்லாத வழி ஒன்று உண்டு. அமிலமில்லாத தாளை முக்கோண உறையாக மடித்து நாலு மூலையிலும் ஓவியத்தைச் செருகி, உறையின் வால்களைப் பின்மவுண்டில் ஒட்டுவது, பழைய ஆல்பத்தில் போட்டோ நின்றது போல. மூலையில் ஒரு மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள்.

மரம் பற்றி: ரப்பர் மரச்சட்டம் இங்கே மலிவு. மருந்தேற்றிய மரமா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வண்டு துளைத்து மாவு கொட்டும். பின்பக்கம் முழுவதும் பழுப்புத் தாள் டேப்பால் இடைவெளியில்லாமல் மூட வேண்டும், இராமபாணப்பூச்சி நுழைய ஒரு கீறல் போதும். அந்துருண்டையைச் சட்டத்துக்குள் போடாதீர்கள்.

கடைசியாக, சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் கால் அங்குலத் தடிமனில் கார்க் துண்டு. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓட இதைவிட மலிவான வழி கிடையாது.

மாட்டுவது

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 சென்டிமீட்டர். பள்ளிக் குழந்தைகள் அதிகம் வருவார்கள் என்றால் 135. சட்டத்தின் உயரம் 61 என்றால் பாதி 30.5, பின்கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்பிலிருந்து 5 கீழே நிற்கிறது என்று வைப்போம். 145 + 30.5 − 5 = 170.5. கொக்கி அந்த உயரத்தில். எல்லாப் படத்துக்கும் மேல்விளிம்பை ஒரே கோட்டில் நிறுத்தும் பழக்கம் நம்மிடம் உண்டு. அளவு மாறும்போது அது கல்யாண மண்டபத்துப் போட்டோ வரிசை மாதிரி ஆகிவிடும். நடுப்புள்ளிகள்தான் ஒரே கோட்டில் வர வேண்டும். ஒரு படத்துக்கு இரண்டு கொக்கி போடுங்கள், விசிறிக் காற்றில் ஆடாது. பித்தளை அல்லது துருவேறா எஃகு.

சட்டம் 30 அங்குல அகலம், இடைவெளி 15 என்றால் ஒரு படத்துக்கு 45. நாற்பதடிச் சுவர் 480 அங்குலம், ஆகப் பத்துப் படம். படம் தந்த அத்தனை பேரையும் திருப்திப்படுத்த இருபதைத் திணித்தால் ஒன்றும் தெரியாது. பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஆணி நிற்காது. பந்தல்காரரிடம் பலகைத் தடுப்பு வாங்கினால் அடியில் குறுக்குச் சட்டம் போட்டு இறுக்கச் சொல்லுங்கள், துணித் தடுப்பு வேண்டாம்.

வெளிச்சம்

அசல் நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ். லக்ஸ் என்பது படத்தின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு. சன்னலோர வெளிச்சம் சாதாரணமாக ஆயிரத்தைத் தாண்டும், நேர்வெயில் ஒரு லட்சத்தைத் தொடும். சேதம் என்பது வெளிச்சமும் நேரமும் பெருக்கி வருவது. 50 லக்ஸில் நாளுக்கு எட்டு மணி வீதம் 30 நாள் மாட்டினால் 12,000 லக்ஸ்-மணி. அதே படத்தை 500 லக்ஸில் வைத்தால் மூன்றே நாளில் அவ்வளவும் தீர்ந்துவிடும். பெரிய அருங்காட்சியகங்கள் மூன்று நான்கு மாதம் மாட்டிவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் இருட்டில் வைப்பது இந்தக் கணக்கினால்தான். நமக்குப் பத்து நாள், அதிகம் போனால் இரண்டு வாரம் போதுமானது.

சன்னல்களைக் கறுப்புத் துணியால் இரட்டையாக மூடுங்கள். டியூப்லைட்டில் புற ஊதா வரும், அணைத்துவிடுங்கள். 3000 கெல்வின் எல்.இ.டி., நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவெண் 90க்கு மேல் உள்ளது. விளக்கு நேர்கீழ்நோக்கிலிருந்து 30 பாகை சாய்ந்து படத்தில் விழட்டும். அதற்குமேல் சாய்ந்தால் பார்ப்பவர் நிழல் விழும், குறைந்தால் சட்டத்தின் நிழல் விழும்.

50 லக்ஸில் வரும் முதல் புகார் ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்பது. மதிய வெயிலிலிருந்து உள்ளே வருபவர் கண் பழக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். நுழைவில் அரை வெளிச்சத்தில் ஒரு தடுப்பு வைத்து அறிமுக எழுத்தை அங்கே மாட்டினால், வாசித்து முடிப்பதற்குள் கண் பழகிவிடும். பெயர்ச்சீட்டு எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது.

திறப்பு விழாவின் குத்துவிளக்கு வராந்தாவில் எரியட்டும். எண்ணெய்ப் புகை மவுண்டில் படிந்தால் போகாது. தோவாளைப் பூவும் தேநீரும் பழம்பொரியும் அங்கேயே.

படம் தரும் ஓவியர்களிடம் கேட்க வேண்டியது

என்ன சிவப்பு போட்டீர்கள் என்று கேளுங்கள். கன்னியாகுமரி அந்தியை வரையும் யாரும் அலிசரின் கிரிம்சனை எடுக்கத்தான் செய்வார்கள், வண்ணக் குழாயில் நிறமிக் குறியீடு பி.ஆர். 83 (PR83) என்று இருக்கும். அழகான நிறம், வெளிச்சத்தில் நிற்காது. ஒளிரும் ரோஸ் வகைகளும் அப்படியே. பி.வி. 19 (PV19) என்று எழுதியிருக்கும் குயினாக்ரிடோன் சிவப்பு தாங்கும். சந்தேகமான வண்ணத்தை ஒரு பட்டையாகத் தீட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, தெற்குச் சன்னலில் ஒரு மாதம் ஒட்டி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தப் படம் இருண்ட மூலைக்கு, நாட்களும் குறைவு.

படங்களை ஏற்றி இறக்கும்போது

ஏ.சி. வண்டியில் வந்த படத்தை உடனே பிரிக்காதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். சுற்றியபடியே ஒரு நாள் கூடத்தில் கிடக்கட்டும். போகும்போதும் அதே.

கண்ணாடியைத் துடைக்கும் நீர்மத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் அல்ல. வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு என்றால் ஈரப் பருத்தித்துணி மட்டும்.

ஏதாவது ஒன்றில் சாம்பல் புள்ளி தென்பட்டால் அந்தப் படத்தை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சை இழைக்குள் பரவும். வெயிலில் வைத்தால் பூஞ்சையோடு வண்ணமும் போகும். சட்டத்தைக் கழற்றி, காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டி எடுங்கள். பழைய மவுண்டைத் திரும்பப் பயன்படுத்தாமல் எரித்துவிடுங்கள்.

திருப்பித் தரும்போது சட்டத்தின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: எத்தனை நாள் மாட்டியது, எத்தனை லக்ஸ், ஈரப்பதம் எவ்வளவு வரை போனது. அடுத்தமுறை அந்தப் படத்தைக் கேட்டு வருபவருக்கு அது தேவைப்படும்.